ரேஷன் பாட்டிலிருந்து காந்தி கதை வரை: கொத்தமங்கலம் சுப்புவை எந்த வரிசையில் வைப்பது?

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

நாட்டு நடப்பைக் கிண்டல் செய்து பாடியவர்கள் என்று பேச்செடுத்தால், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், உடுமலை நாராயணகவி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்ற மூன்று பெயர்களோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நம் பக்கத்து ஊரின் பெயரை வாழ்நாள் முழுவதும் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்த கொத்தமங்கலம் சுப்புவை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதியவர், ‘ஔவையார்’ படத்தை இயக்கியவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் எழுதிய நையாண்டிப் பாட்டுகளைத் தனியாக எடுத்துப் பேசவேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1910 நவம்பர் 10 அன்று கன்னாரியேந்தலில் பிறந்தார். கொத்தமங்கலத்தில் வாழ்ந்த காலத்தில் நாடகப் பழக்கம் ஏற்பட்டு, 1930-களின் பிற்பகுதியில் திரைப்படத்துக்குப் போனார். பிறகு எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை, பாட்டு, நடிப்பு, இயக்கம் என்று எந்த வேலை வந்தாலும் செய்பவராக அமர்ந்தார். 1971-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 1974 பிப்ரவரி 15 அன்று மறைந்தார்.

என் வாதத்துக்கு முக்கியமான ஆண்டு 1947. அந்த ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட ‘நாம் இருவர்’. பாரதியின் பாட்டுகளோடு, வரப்போகும் விடுதலையைக் கொண்டாடிய படம் அது. மற்றொன்று, ஆர்.கே.நாராயண் கதைக்குச் சுப்பு உருவம் கொடுத்து, தாமே சம்பத் என்ற மோசடிக்காரனாக நடித்த ‘மிஸ் மாலினி’. நாடு விடுதலை பெற்றதை அடுத்து வந்த இந்தப் படத்தில் கொடியேற்றம் இல்லை. காலையில் எழுந்ததும் விறகோடு மல்லுக்கட்டி, சர்க்கரைக்காகக் கியூவில் போய்ச் சாய்ந்து நிற்கும் குடும்பத்தின் புலம்பல் பாட்டாக வந்தது. தேசம் பிறக்கும்போது அடுப்படியின் நிலைமை என்ன என்று கேட்டவர் அவர். இவரை நையாண்டிக் கவிஞர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

தேவகோட்டை மறுப்பாளர் எழுதியது:

வாசகன் ஐயாவின் ஊர்ப்பற்றை மதிக்கிறேன்; முடிவை ஏற்கமுடியவில்லை. நையாண்டி செய்கிறவன் எதையாவது பணயம் வைக்கவேண்டும். சுப்பு எதைப் பணயம் வைத்தார்?

அசோகமித்திரன் ஜெமினியில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரைகளில் சுப்புவைப் பற்றி ஒரு சித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி மத்தியக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடமாகவும் இருப்பதால் இங்குள்ள இளையவர்கள் பலர் படித்திருப்பார்கள். எலி ஒன்று தண்ணீருக்கு அடியில் பெண்புலியோடு சண்டை போட்டு, அதைக் கொன்று, பிறகு இரக்கப்பட்டு அதன் குட்டிகளை வளர்ப்பதாகக் காட்சி. எப்படி எடுப்பது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. சுப்பு உடனே நான்கு வழிகள் சொல்வாராம். போதாது என்றால் இன்னும் பதினான்கு தயாராக இருக்குமாம். கேட்டால் கொடுக்கும் திறமை இது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் கொடுப்பவர் யார் கேட்டாலும் கொடுப்பார். 1945-இல் வெள்ளையர் ஆட்சி கேட்ட போர்ப் பிரசாரப் படங்களின் வரிசையில் ‘கண்ணம்மா என் காதலி’யை இயக்கியவர் இதே சுப்பு. மூன்று ஆண்டுகள் கழித்து ‘காந்தி மகான் கதை’ வில்லுப்பாட்டைப் பாடியவரும் இதே சுப்பு. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாடியவரை நையாண்டிக் கவிஞர் என்று எப்படிச் சொல்வது? பத்மஸ்ரீ வாங்கியதையும் நீங்களே பெருமையாகக் குறிப்பிடுகிறீர்கள். எந்த அரசாவது தன்னை நோகடித்தவருக்குப் பதக்கம் குத்துமா?

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தேவகோட்டைத் தம்பி, கேள்வியை நன்றாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் அந்த ரேஷன் பாட்டை நம் ஊர்களிலிருந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும்.

மதராஸ் மாகாணத்தில் அரிசிக்கு ஏன் பஞ்சம் வந்தது? கடல் வழியாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனதால் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மறுவருடமே சென்னையில் ரேஷன் வந்தது. அந்தப் பர்மாவில் நம்மவர்கள் நிலைமை என்ன? 1930-களின் நெல் விலை வீழ்ச்சியில் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்டமுடியாமல் நிலத்தை விட்டுவிட, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெயருக்கு வந்து சேர்ந்திருந்தது. வட்டிக்கடை வைக்கப் போனவர்கள் வேண்டியோ வேண்டாமலோ நிலக்காரர்கள் ஆனார்கள். பிறகு குண்டு விழுந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் இருந்த அத்தனை பேரும் கிடைத்த வழியில் திரும்பினார்கள், பலர் காடும் மலையும் நடந்து. 1948-இல் பர்மா அரசு நிலங்களைத் தேசவுடைமை ஆக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, மிச்சம் இருந்த நம்பிக்கையும் போயிற்று.

எங்கள் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பர்மாக் கடைப் பேரேட்டில் ஐந்தொகை, அதாவது சொத்தும் பாக்கியும் காட்டும் முடிவுக் கணக்கு, அப்படியே இருந்தது. இன்ன டவுனில் இத்தனை ஏக்கர், இன்னாரிடம் இத்தனை பாக்கி, நடப்பு வட்டியோடு கூட்டிப் போட்ட கணக்கு. அந்தப் பேரேடு இருந்த இரட்டை அறைக்கு நேர் எதிரே, இரண்டாங்கட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பத்தா சர்க்கரையை ஆழாக்கால் அளந்து, தலைக் கணக்குப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாளில் நெல் வயல், கையில் ஒரு ஆழாக்கு. கியூவில் சாய்ந்து நிற்கும் பாட்டு வந்தபோது அதைக் கேட்டுச் சிரித்த வீடுகளில் இப்படிப்பட்ட வீடுகளும் இருந்தன. அந்தச் சிரிப்பில் ராஜாவையும் ராணியையும் யாரும் திட்டவில்லை. தங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கொத்தமங்கலத்தில் வாழ்ந்த மனிதருக்கு இந்தச் செட்டிநாட்டு வளவு வீட்டு வாழ்க்கை தெரியாமல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

பணயம் வைக்கவில்லை என்கிறீர்கள். நையாண்டியில் அதிகாரத்தை முகத்துக்கு நேரே கேட்பது ஒரு வகை. அதிகாரம் எடுத்த முடிவு அடுப்படிக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்று காட்டுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குச் சிறை கிடைக்காது. அதனால் அது சிறியது என்று ஆகிவிடுமா?

புதுவயல் மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வில்லுப்பாட்டுக்காகப் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு 2022 வரை வாழ்ந்தார் என்று படித்தேன். இங்கே 1974 என்று எழுதியிருக்கிறீர்கள். மேலும் கலைவாணர் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்ததாகவும் படித்தேன். கலைவாணருக்கும் சுப்புவுக்கும் அவ்வளவு நெருக்கமா?

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

தம்பி, அவர் வேறு சுப்பு. நீங்கள் படித்தது திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவர்களைப் பற்றி. கலைவாணரின் குழுவில் வளர்ந்து, வில்லுப்பாட்டையே வாழ்க்கையாகக் கொண்டவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். இருவர் பெயரிலும் சுப்பு, இருவருக்கும் வில், இருவருக்கும் பத்மஸ்ரீ என்பதால் இணையத்தில் படங்களைக்கூட மாற்றிப் போடுகிறார்கள்.

மற்றபடி கலைவாணரையும் கொத்தமங்கலம் சுப்புவையும் ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. 1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தில் சுப்புவுக்குப் பங்கு உண்டு. அதே நந்தனார் கதையைத் தலைகீழாகத் திருப்பி, உடுமலை நாராயணகவி எழுதிக் கலைவாணர் பாடியதுதான் ‘கிந்தனார்’ காலட்சேபம். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் படிக்க ஏங்கினான், ரயிலேறிப் பட்டணம் போனான், பள்ளிக்கூட ஆய்வாளராகத் திரும்பி வந்தான். பக்திக் கதையின் அதே சட்டகத்துக்குள் ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்து வைத்த துணிச்சல் அது. 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் அது வந்தபோது தமிழ்நாடே சிரித்தது.

தேவகோட்டை மறுப்பாளர் எழுதியது:

பார்த்தீர்களா, நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள். கிந்தனாருக்கு எதிரி யார் என்பது கேட்பவனுக்குத் தெரியும். எவனைப் படிக்கவிடாமல் வைத்தார்கள், யார் வைத்தார்கள் என்பது தெரியும். சுப்புவின் ரேஷன் பாட்டில் எதிரி யார்? கறுப்புச் சந்தைக்காரனா, கலெக்டரா, கடவுளா? யாரையும் குறிவைக்காத கிண்டல் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் அந்தப் பாட்டுக்கு இருந்த வேலையும் முடிந்தது. கிந்தனாருக்கு வேலை இன்னும் முடியவில்லை.

அதே ‘மிஸ் மாலினி’யில் மயிலாப்பூர் வக்கீல் வீட்டு மாட்டுப்பெண்ணைப் பற்றிய பாட்டும் உண்டு. புதுநாகரிகப் பெண்ணைச் சீண்டுவது அந்தக் காலத்து மேடைகளில் எல்லோரும் செய்த வேலை. அதற்கு நாட்டு நடப்பு விமர்சனம் என்று பெயர் வைக்கவேண்டியதில்லை.

கண்டனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

இரு தரப்பும் பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ‘மிஸ் மாலினி’யின் பிரதி எதுவும் இன்று இருப்பதாகத் தெரியவில்லை, பாட்டுகள் இசைத்தட்டின் வழியே பிழைத்தன. ஆகவே அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன காட்சி வந்தது, யாருடைய முகத்தைக் காட்டினார்கள் என்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. ஆனால் கதை நமக்குத் தெரியும். ஏழைப் பெண் மாலினி நாடகக் குழுவில் சேர்ந்து புகழ் பெறுகிறாள். சம்பத் என்ற வாய்ச்சவடால்காரன் அவளைப் பிரித்துக் கூட்டிவந்து, சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கவைத்து, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மறைகிறான். இந்தக் கதையை எடுத்தது ஒரு படக் கம்பெனி. அந்தச் சுருட்டல்காரனாக நடித்தவர் அதே கம்பெனியில் முதலாளிக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் என்று எல்லோரும் சொன்ன மனிதர். தம்பி கேட்ட எதிரி அங்கே இருக்கிறான். சுப்பு அவனைத் தம் முகத்திலேயே போட்டுக்கொண்டார். கொடியேறிய ஆண்டில் பெருகிய கம்பெனி, கமிஷன், ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சு, இவற்றுக்கெல்லாம் சம்பத் ஒரு முன்னோடி.

சம்பத்திடமிருந்து பத்து வருடம் கழித்து வந்த சவடால் வைத்திக்கு நேர்க்கோடு போடலாம். ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற புனைபெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரைக் காதல் கதை என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதை இன்னொரு முறை படியுங்கள். நாதசுரத்தையும் சதிர் ஆட்டத்தையும் யார் காசு கொடுத்து வளர்த்தார்கள், அந்தக் காசுக்கு என்ன விலை கேட்டார்கள், நடுவில் நின்று தரகு பார்த்தவன் எப்படிப் பேசினான் என்பதன் கணக்கு அது. மைனர், ஜமீன், மகாராஜா என்று படி ஏற ஏற வைத்தியின் குழைவும் ஏறும். கல்யாணத்துக்குப் பெரிய வித்துவான்களை அழைத்து, முகப்பில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பெருமைப்பட்ட நம் வட்டாரத்தில் அந்த நடு ஆள் இல்லாத விசேஷமே நடந்ததில்லை. எங்கள் தெருவிலேயே பெயர் சொல்லக்கூடிய அளவுக்கு இருந்தார்கள், சொல்லமாட்டேன். ஆக, 1947-இல் பாட்டில் இருந்த நையாண்டி 1950-களில் உரைநடைக்கு இடம் மாறிற்று. பாட்டோடு தேடலை நிறுத்தினால் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

புதுவயல் மாணவன் எழுதியது:

ஐயா, அப்படியானால் ‘காந்தி மகான் கதை’யை எங்கே வைப்பது? அதில் கிண்டல் எங்கே இருக்கிறது? காந்தியைப் போற்றிப் பாடுவது நையாண்டி ஆகாதே.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆகாது, தம்பி. அது துக்கத்திலிருந்து பிறந்த பாட்டு. 1948 ஜனவரிக்குப் பிறகு ஊர் ஊராகக் காந்தியை என்ன சொல்லிப் பேசுவது என்று எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, சுப்பு தெற்கத்திச் சாமிக் கதைகளுக்கு உரிய வில்லை எடுத்துக் காந்தி கதைக்குக் கொடுத்தார். அகால மரணம் அடைந்தவர்களை வில்லில் பாடித் தெய்வமாக்குவது குமரி, நெல்லைப் பக்கத்து மரபு. கொலையுண்ட மகானுக்கு அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா, தெரிந்து செய்ததா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. படித்தவர்களுக்கு இரங்கற்பா போதும். படிக்காத ஜனங்களுக்கு இந்த வடிவம் சொல்லாமலே சேதி சொல்லிவிடும்.

ஆனாலும் வில்லுப்பாட்டில் கிண்டலுக்கு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கும். புலவர் ஒரு வரி பாடுவார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், இடையில் குறுக்குக் கேள்வி கேட்பார். புலவர் கதையை நிறுத்திவிட்டு அந்தந்த ஊர் நடப்பைப் பேசிவிட்டுத் திரும்பிக் கதைக்குள் போவார். காலட்சேபத்தில் பாகவதர் ஒருவர் பேச்சுத்தான். வில்லில் எதிர்ப்பேச்சுக்கு ஆள் கூடவே உட்கார்ந்திருக்கிறார். அச்சில் வந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மேடையில் என்ன நடந்திருக்கும் என்று முடிவு செய்யமுடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களுக்கு முதலில் நையாண்டி சொல்லிவிட்டுப் போனவர் காந்தியேதான். 1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்தபோது, வீடுகளில் நிறைந்திருந்த சீமைச் சாமான்களைப் பார்த்துவிட்டு, இந்த அரண்மனைகளுக்கெல்லாம் சாமான் போடும் காண்டிராக்டை எனக்குக் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துத் தருவேன், இப்போது இருப்பதைவிடக் காற்றும் இடமும் அதிகமாக இருக்கும், அழகாகவும் இருக்கிறது என்று நல்ல கலைஞர்களிடம் சான்றிதழும் வாங்கிவருவேன் என்ற பொருளில் பேசினார். நகரத்தாரிடம் காண்டிராக்ட் மொழியில் பேசிய அந்தக் குறும்பைக் கவனியுங்கள். அப்போது சுப்புவுக்குப் பதினாறு வயது. அந்தப் பேச்சை அவர் கேட்டாரா என்று நான் சொல்ல வரவில்லை. பாடப்பட்ட மனிதரே சிரிக்கவைக்கத் தெரிந்தவர் என்பதால், அவர் கதையில் சிரிப்பு வருவது மரியாதைக் குறைவு ஆகாது என்றுதான் சொல்லவருகிறேன்.

தேவகோட்டை மறுப்பாளர் எழுதியது:

காண்டிராக்ட் பேச்சு எனக்குப் புதிது. ஆச்சிக்கு நன்றி. எங்கள் வீட்டு முகப்பில் இன்னும் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடிகளை இனி வேறு மாதிரித்தான் பார்க்கவேண்டும்.

சம்பத் பற்றி ஆசிரியர் ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. முதலாளியின் காசிலேயே முதலாளித் தொழிலைக் கிண்டல் செய்து எடுக்க வைத்ததை, பணயம் இல்லாவிட்டாலும், சாமர்த்தியம் என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் கலைவாணர் வரிசையில் சுப்புவை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. கலைவாணர் சிரிக்கவைத்துவிட்டு ‘இப்படி இருக்காதே’ என்று சொல்லித்தான் இறங்குவார். சுப்பு சிரிக்கவைத்துவிட்டு ‘இப்படித்தான் இருக்கிறோம்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்.

கானாடுகாத்தான் வாசகன் எழுதியது:

நீங்கள் குறை என்று சொன்னதை நான் அவருடைய பலம் என்கிறேன். புத்தி சொல்லும் நையாண்டிக்குப் புத்தி சொல்ல ஒரு கட்சி வேண்டும். கலைவாணருக்குச் சுயமரியாதை இயக்கத்தின் சார்பு இருந்தது. பட்டுக்கோட்டையாருக்குப் பொதுவுடைமை இருந்தது. சுப்புவுக்கு ஒரு கட்சியும் இல்லை. மாதச் சம்பளமும், அசோகமித்திரன் சொல்வதுபோல் தூரத்து உறவும் பக்கத்து உறவும் வந்து தங்கிச் சாப்பிடும் ஒரு வீடும் இருந்தன. அப்படி வாழ்ந்தவர் சர்க்கரைக் கியூவைத்தான் பாடுவார். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோருக்கும் கட்சி இல்லை.

வரும் அக்டோபர் 2-க்குக் கொத்தமங்கலத்தில் சிறிய அளவில் ஒரு பாட்டு நிகழ்ச்சி வைக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ‘காந்தி மகான் கதை’யிலிருந்து ஒரு பகுதி, திரைப்பாட்டுகளில் இரண்டு மூன்று. வில்லும் உடுக்கையும் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கலாம். குடம் அடிக்கத்தான் ஆள் வேண்டும். இங்கே கடம் வாசிப்பவர் ஒருவர் சம்மதித்திருக்கிறார், ஆனால் குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அடிக்கும் பழக்கம் தமக்கு இல்லை என்று தயங்குகிறார்.

கண்டனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

கடம்காரரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், விரல் போனால் அவருக்குத் தொழில் போயிற்று. நெல்லைக் குழுவிடமே குடத்துக்கும் சேர்த்து ஆள் கேளுங்கள், போக்குவரத்துச் செலவில் என் பங்கைத் தருகிறேன். பின்பாட்டுக்கு ‘ஆமா’ போடத் தேவகோட்டைத் தம்பியை உட்காரவையுங்கள். எதிர்ப்பேச்சு அவருக்கு நன்றாக வருகிறது.

தேவகோட்டை மறுப்பாளர் எழுதியது:

வருகிறேன், ஐயா. ஆனால் ரேஷன் பாட்டைக் காந்தி கதைக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் பாதிக் கூட்டம் பந்திக்குக் கிளம்பிவிடும்.